பழைய ஹாலிவுட் அஞ்சல் அட்டைகளைப் படிப்பது எப்படி? நண்பர்களின் கையெழுத்தும் நட்சத்திரங்களின் முடிவும்: முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் பசடேனா ரோஸ் பவுல் மைதானத்தைச் சுற்றி, மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள் சந்தை கூடும். அங்கேதான் அந்தச் செருப்புப் பெட்டியை வாங்கினேன். உள்ளே நூற்றுச் சொச்சம் கார்டுகள். எல்லாமே அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் இருந்த ஒரே பெண்ணுக்கு வந்தவை. எழுதியவர்கள் அவருடைய மூன்று சிநேகிதிகள். மூவரும் ஊரைவிட்டு லாங் பீச்சில் குடியேறியவர்கள். அந்தக் காலத்தில் அயோவாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனதால் லாங் பீச்சுக்குக் 'கடலோர அயோவா' என்றே பட்டப்பெயர் உண்டு. 1934-லிருந்து 1963 வரை மூவரும் மாறி மாறிக் கார்டு போட்டிருக்கிறார்கள். படப் பக்கத்தில் நட்சத்திரங்களின் வீடுகள், தியேட்டர்கள், மலைமேல் நிற்கும் எழுத்துகள். பின்பக்கத்தில் வாடகை, வானிலை, யாருக்குக் குழந்தை பிறந்தது என்கிற செய்திகள்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை பெரிய தவறு. நட்சத்திரம் வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டேன். பெட்டியில் இருந்த வரிசை போய்விட்டது. அந்தப் பெண் முப்பது வருடம் தன் கையால் வைத்திருந்த வரிசை அது, திரும்பக் கிடைக்காது. உங்களுக்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பிரிக்காதீர்கள், எண்ணுங்கள்

கட்டோ பெட்டியோ எப்படிக் கிடைத்ததோ அப்படியே மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, எடுக்கிற வரிசையிலேயே எண் கொடுங்கள். எண்ணைக் கார்டின்மேல் எழுத வேண்டாம், உறையின்மேல் எழுதுங்கள். இரண்டு பக்கமும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பழைய ரப்பர் வளையம் கார்டோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள். வளையத்தைக் கத்தரித்து, ஒட்டிய துண்டு காய்ந்து தானே உதிரும் வரை பொறுங்கள். தபால்தலையை நீரில் ஊறவைத்துக் கழற்றுவது என்ற பேச்சே வேண்டாம். தலையும் முத்திரையும் கையெழுத்தும் சேர்ந்திருந்தால்தான் அது சாட்சி.

இரண்டாம் படி: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

படம் நம்மை இழுக்கும். 1930களின் நடிகை ஜீன் ஹார்லோவின் பெயரைப் பார்த்ததும் கை தானாகக் கைபேசியில் தேடப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு கார்டுக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு: படம் எடுத்த தேதி, அச்சடித்த தேதி, எழுதி அனுப்பிய தேதி. நான்காவதாக நட்சத்திரத்தின் இறந்த நாள் நம் மனதில் இருக்கிறது. எழுதியவருக்கு அது தெரியாது. அந்த நான்காவது தேதி உள்ளே வருவதற்குமுன் முதல் மூன்றையும் பிடித்துவிட வேண்டும்.

முத்திரை தெளிவாக இருந்தால் வேலை சுலபம். கையால் எழுதிய தேதியில் மட்டும் கவனம்: அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 6/2/37 என்றால் ஜூன் 2. பிப்ரவரி 6 அல்ல. நம் பழக்கத்தில் படித்தால் நான்கு மாதம் தள்ளிப் போகும். இந்த வேலையில் அது பெரிய இடைவெளி.

முத்திரை மங்கியிருந்தால் தபால் கட்டணத்தைப் பாருங்கள். அமெரிக்காவுக்குள் போகும் கார்டுக்கு 1928-லிருந்து 1951 முடியும்வரை 1 சென்ட். 1952 ஜனவரியிலிருந்து 2, 1958 ஆகஸ்டிலிருந்து 3, 1963 ஜனவரியிலிருந்து 4. தபால்தலையில் உள்ள உருவமும் உதவும். சுதந்திர தேவி சிலை போட்ட பச்சை நிற 1 சென்ட் தலை 1940 அக்டோபரில் வந்தது. அது ஒட்டியிருந்தால் கார்டு அதற்கு முன்னால் போயிருக்க வழியில்லை.

அடுத்து முகவரி. பெரிய நகரங்களுக்கு 1943-ல் மண்டல எண் வந்தது; ஊர்ப்பெயருக்குப் பிறகு ஓரிலக்கம் அல்லது ஈரிலக்க எண் எழுதியிருப்பார்கள். ஐந்திலக்க ஜிப் கோடு 1963 ஜூலை 1-ல் தொடங்கியது. மாநிலத்தின் பெயரை இரண்டே எழுத்தில் சுருக்குவதும் அந்த ஆண்டு வந்த பழக்கம்தான்.

இயந்திர முத்திரையின் அலைக்கோடுகள் இருக்கும் இடத்தில் சில சமயம் வாசகம் இருக்கும். என் பெட்டியில் நடிகர் கிளார்க் கேபிளின் என்சினோ வீட்டுப் படம் போட்ட கார்டு ஒன்று, 1942 பிப்ரவரி முத்திரை. அதில் போர்ச் செலவுக்காக அரசு விற்ற பாதுகாப்புச் சேமிப்புப் பத்திரத்தை வாங்கச் சொல்லும் வாசகம் குத்தியிருக்கிறது. அதே பத்திரங்களை விற்கத்தான் கேபிளின் மனைவியும் நடிகையுமான காரோல் லொம்பார்ட் தன் சொந்த மாநிலமான இந்தியானாவுக்குப் போனார். ஜனவரி 15 அன்று இந்தியானாபொலிஸில் ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்குமேல் விற்றுக் கொடுத்தார். மறுநாள் விமானத்தில் வீடு திரும்பும்போது லாஸ் வேகாஸ் அருகே பொட்டோசி மலையில் மோதி, தாயுடன் இறந்துபோனார். விமானத்தில் இருந்த 22 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. லொம்பார்டுக்கு வயது 33. சிநேகிதி அந்தக் கார்டில் வீட்டைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: இனி அந்த மனிதர் அத்தனை பெரிய வீட்டில் தனியாக என்ன செய்வார் என்று. மற்றதெல்லாம் தன் கணவருக்கு டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த சந்தோஷம். லொம்பார்ட் ஏறிய விமானமும் டக்ளஸ் தயாரித்த டிசி-3 தான். எழுதும்போது அது அவருக்கு உறைத்ததா என்று கார்டில் தெரியவில்லை.

மூன்றாம் படி: அட்டையைத் தொட்டுப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகை மதிப்பிடுபவர்கள் கண்ணில் வைப்பார்களே, அது போதும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டு போனால் அது ரியல் போட்டோ கார்டு. போட்டோ தாளிலேயே கழுவி எடுத்தது.

ரியல் போட்டோவாக இருந்தால் தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள், தாள் தயாரித்தவர் பெயர் இருக்கும். ஏ, இசட், ஓ என்ற மூன்றெழுத்துத் தாள் மிகச் சாதாரணம். நான்கு மூலை முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் ஏறத்தாழ 1904–1918. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918–1930. மூலைகளில் சதுரம் இருந்தால் 1920களின் நடுவிலிருந்து 1940கள் வரை.

துணியைத் தடவுவது போல மேற்பரப்பில் நெசவு தட்டுப்பட்டால் அது லினன் கார்டு. 1930களின் தொடக்கத்திலிருந்து 1950களின் தொடக்கம் வரை அதன் காலம். வானம் எப்போதும் ஆரஞ்சும் நீலமுமாக இருக்கும், புல் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் நிறம் சேர்த்தது அது. ஆகையால் வீட்டுச் சுவரின் நிறத்தை அப்படியே நம்பாதீர்கள். சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனம் அடித்ததாக இருந்தால் ஒரு நல்ல வசதி உண்டு: 1930களுக்கு ஏ, 1940களுக்கு பி, 1950களுக்கு சி என்று குறியீட்டில் எழுத்தும், அதற்கு முன்னால் ஆண்டின் கடைசி இலக்கமும் இருக்கும். '7ஏ' என்று தொடங்கினால் 1937. அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் இன்று சிகாகோ நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன.

வழவழப்பான வண்ணப் போட்டோவாக இருந்தால் 1939-க்குப் பிந்தையது, பெரும்பாலும் போருக்குப் பிந்தையது.

நட்சத்திரத்தின் முகம் மட்டும் இருக்கும் கார்டுகளில் பல ஐரோப்பாவில் அடித்தவை. லண்டனில் பிக்சர்கோயர் என்ற சினிமாப் பத்திரிகையின் வரிசை. 'எலிஃபண்ட் பாய்' படத்தில் யானைப் பையனாக நடித்து 1937-ல் உலகம் முழுக்கத் தெரிந்துபோன மைசூர் சாபுவின் முகம் அப்படித்தான் கார்டுகளில் சுற்றியது. அவர் 1963 டிசம்பர் 2-ல் மாரடைப்பால் போனபோது வயது 39. பெர்லினில் ராஸ் பதிப்பகம். அதை நடத்திய ஹைன்ரிஷ் ராஸ் யூதர் என்பதால் 1937-ல் நாஜி ஆட்சியில் நிறுவனத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்; பெயர் மட்டும் சில வருடம் கார்டுகளில் ஓடியது, 1941-ல் அதுவும் மாற்றப்பட்டது. நட்சத்திரங்களின் துயரத்தைத் தேடுகிற நாம், கார்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த மனிதரைக் கவனிக்காமல் போய்விடுகிறோம்.

நான்காம் படி: படத்துக்குள் இருக்கும் சாட்சிகள்

என் பெட்டியில் மலைமேல் எழுத்துகள் தெரியும் ஒரு கார்டு இருக்கிறது. முத்திரை 1953. தலை 2 சென்ட், ஜான் ஆடம்ஸ். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் மலையில் இருப்பது 'ஹாலிவுட்' அல்ல, 'ஹாலிவுட்லேண்ட்'. 1923-ல் மனை விற்பதற்காக நட்ட விளம்பரப் பலகை அது. கடைசி நான்கு எழுத்துகளை 1949-ல் எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் படம் குறைந்தது நான்கு வருடம் பழசு, கடையில் விற்காமல் கிடந்த கார்டு. லென்ஸில் பார்த்தால் எழுத்துகளின் கீழே பாதையில் ஒரு கார், 1930களின் உருண்டை மட்கார்டோடு நிற்கிறது. இன்னும் பழசு.

அந்தப் பலகையோடு ஒரு பெயர் சேர்ந்தே வரும்: பெக் என்ட்விசில். வேல்ஸில் பிறந்து, நியூயார்க் நாடக மேடையில் பெயர் வாங்கி, சினிமாவுக்கு வந்த பெண். 1932 செப்டம்பரில் அந்த எழுத்துகளின் அருகே தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 24. பலகை தெரியும் கார்டு விற்பவர் எல்லாரும் இந்தக் கதையையும் சேர்த்து விற்பார்கள். 1953-ல் எழுதிய சிநேகிதிக்கு அந்தப் பலகை, தங்கை குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போன மலை. அவர் கார்டுக்கு அவர் சொன்னதுதான் பொருள். என்ட்விசிலைப் பற்றித் தனித்தாளில் குறித்து வையுங்கள்.

வேறு சில அடையாளங்கள்: ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் திறந்தது 1927 மே மாதம். பசிபிக் கடற்கரைச் சாலையில் நடிகை தெல்மா டாடின் சிற்றுண்டிச்சாலை வந்தது 1934-ல். அவர் இறந்தது 1935 டிசம்பரில். காரின் நம்பர் பிளேட், கடைப் பலகையில் ஓடும் படத்தின் பெயர், பெண்களின் தொப்பி என்று எதையும் விடாதீர்கள். தியேட்டர் முகப்பில் படத்தின் பெயர் தெரிந்தால் மாதமே கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: இப்போது நட்சத்திரத்தின் வாழ்க்கையைப் பக்கத்தில் வையுங்கள்

இங்கேதான் மனம் கனக்கும். பெட்டியிலேயே என்னை அதிகம் அலைக்கழித்த கார்டைச் சொல்கிறேன். லினன் கார்டு, ஜீன் ஹார்லோவின் வெள்ளை வீடு. பின்னால் 6/2/37. முத்திரையும் அதையே சொல்கிறது: 1937 ஜூன் 2, புதன்கிழமை. சிநேகிதிகள் இருவர் பேருந்து ஏறி வந்து வீட்டின் எதிரே நின்றிருக்கிறார்கள். ஜன்னல் திரைகள் மூடியிருந்தன, தோட்டக்காரர் மட்டும் இருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். கால் வலித்ததாம். ஐஸ்கிரீம் சாப்பிட்டார்களாம்.

அந்தப் புதன்கிழமை ஹார்லோ நோயில் படுத்திருந்தார். சில நாள் முன்னால் படப்பிடிப்பிலிருந்து உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனவர். சிறுநீரகம் செயலிழந்து, ஜூன் 7 திங்கட்கிழமை லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் இறந்தார். வயது 26. பாதியில் நின்ற படத்தை மாற்றுப் பெண்ணை வைத்து முடித்து ஜூலையில் வெளியிட்டார்கள்.

முதல் முறை படித்தபோது, மூடிய திரைக்குப் பின்னால் அவர் படுத்திருந்தார் என்றே நினைத்துக் கலங்கிப் போனேன். பிறகு முகவரியைச் சரிபார்த்தேன். கார்டில் இருந்தது பெவர்லி கிளென் சாலை வீடு. அவர் கடைசியாகக் குடியிருந்தது பெவர்லி ஹில்ஸில் பாம் டிரைவ் தெருவில் ஒரு வாடகை வீடு. நட்சத்திர வீட்டுக் கார்டுகளில் இது அடிக்கடி நடக்கும். வீடு கைமாறிய பிறகும் பழைய பெயரிலேயே விற்றுக்கொண்டிருப்பார்கள். சிநேகிதிகள் பார்த்த திரைகள் வேறு யாருடையதோ. தேதி பொருந்திவிட்டால் இடத்தையும் கண்டிப்பாகப் பாருங்கள். மனதை உருக்குகிற பொருத்தம் கிடைக்கும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நூறில் தொண்ணூறு கார்டுகளில் எந்தப் பொருத்தமும் இருக்காது. வலிந்து தேடாதீர்கள்.

இன்னொரு பொறி: இறந்த பிறகு அச்சான கார்டுகள். நடிகர் ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பர் 30 அன்று கலிபோர்னியாவின் சோலாம் அருகே கார் மோதி இறந்தபோது வயது 24. அவர் நாயகனாக நடித்து அதுவரை வெளியாகியிருந்தது ஒரே படம். ஆகவே டீன் முகம் போட்ட கார்டுகளில் பெரும்பாலானவை அவர் போன பிறகு வந்தவை. மௌனப்பட நாயகன் ருடால்ஃப் வாலண்டினோவுக்கும் அப்படித்தான்: 1926 ஆகஸ்ட் 23-ல் 31 வயதில் வயிற்றுப் புண் வெடித்து, தொற்று பரவி இறந்தார்; நினைவுக் கார்டுகள் வருடக்கணக்கில் விற்றன. அப்படிப்பட்ட கார்டை அனுப்பியவர் தெரிந்தேதான் அனுப்புகிறார். அதை அதற்கு ஏற்றபடி படிக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட கார்டு கிடைத்தால் உடனே நம்ப வேண்டாம். ரசிகர்களுக்குப் போன ஹார்லோ படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்துப் போட்டது அவருடைய அம்மா.

ஆறாம் படி: மரணத்தைப் பற்றி எதை எழுதலாம்?

பழைய செய்தித்தாளிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய இதழ்த் தொகுப்பு, கலிபோர்னியா மாநிலச் செய்தித்தாள் தொகுப்பு, சினிமாப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி ஆகிய மூன்றும் இலவசம். நேரில் போக முடிந்தவர்களுக்கு பெவர்லி ஹில்ஸில் மார்கரெட் ஹெரிக் நூலகம் இருக்கிறது.

செத்தவர் பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் எழுதப்பட்ட கதைகள் ஏராளம். தலைமுடிச் சாயம்தான் ஹார்லோவைக் கொன்றது என்பார்கள்; பொய். அம்மா வைத்தியரையே கூப்பிடவில்லை என்பார்கள். வைத்தியரும் நர்ஸும் வந்துகொண்டிருந்தார்கள். 1967 ஜூனில் லூசியானா நெடுஞ்சாலையில் லாரியின் பின்னால் கார் மோதி நடிகை ஜெயின் மான்ஸ்ஃபீல்ட் இறந்ததைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கொடூரமான விவரம் உண்மையல்ல. பின் இருக்கையில் இருந்த அவருடைய மூன்று குழந்தைகள் பிழைத்தார்கள் என்பது உண்மை. லாரிகளின் பின்புறம் தாழ்வாக ஒரு கம்பி பொருத்துகிறார்களே, அதை அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். எழுதுவதானால் இவற்றை எழுதுங்கள். தெல்மா டாட், மர்லின் மன்றோ போன்றவர்களுக்கு அதிகாரபூர்வ விசாரணை என்ன சொன்னதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் கார்டு கிடைத்தால், ஒரு நடிகையின் மரணம் தொடர்பான வழக்கில் 1922 ஏப்ரலில் ஜூரி அவரை நிரபராதி என்று விடுவித்ததையும், அடுத்த ஆறாவது நாளே அவர் படங்கள் தடை செய்யப்பட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதி சொல்வது அவருக்கு இன்னொரு தண்டனை.

ஏழாம் படி: கையெழுத்தைப் படிப்பது

அந்தத் தலைமுறை அமெரிக்கர்கள் பள்ளியில் பால்மர் முறையில் எழுதப் பழகியவர்கள். அதை உருவாக்கிப் பரப்பிய பால்மர் இயங்கியதே அயோவாவின் சீடர் ராபிட்ஸ் நகரத்தில்தான். எழுத்துகள் கோத்துக்கொண்டு சாய்ந்து ஓடும். படிக்க முடியாத சொல்லில் முட்டிக்கொள்ளாமல், அதே கை எழுதிய வேறு கார்டில் தெளிவான சொல்லை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நாலைந்து கார்டு தாண்டினால் கை பழகிவிடும். பிழையைத் திருத்தாமல், வரி முறியும் இடத்தில் முறித்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதியவர்களின் குடும்பம் இன்னும் எங்கோ இருக்கும். பெயரையும் வீட்டு எண்ணையும் பொதுவில் போடாதீர்கள்.

எட்டாம் படி: காப்பது

பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை போதும். பிவிசி உறை, பசை ஒட்டிய ஆல்பம், செல்லோடேப், லேமினேஷன் நான்கும் ஆகவே ஆகாது. லேமினேஷன் செய்த கார்டை மீட்க வழியில்லை. ரியல் போட்டோ கார்டுகளின் கறுப்பில் கண்ணாடி போல வெள்ளி மினுமினுப்பு தெரியும்; அது வயதின் குறி, துடைக்காதீர்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அது கடினம். வெளிச்சுவரில் சாயாத அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி, சிலிகா ஜெல்லோடு வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். பாச்சை உருண்டை போட வேண்டாம்.

ஒன்பதாம் படி: அடுக்குவது

நட்சத்திரம் வாரியாக வேண்டாம், அனுப்பியவர் வாரியாக அடுக்குங்கள். பெட்டியின் வரிசையைக் கலைத்துவிட்ட எனக்கு இந்த ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. ஆனால் மூன்று சிநேகிதிகளுக்கு மூன்று ஆல்பம் என்று பிரித்ததும்தான் எனக்கு அவர்களைத் தெரிய வந்தது. முதலாமவர் எப்போதும் காசுக் கணக்கு எழுதுவார். இரண்டாமவரின் கார்டுகள் 1944-ல் நின்றுவிடுகின்றன. ஏன் என்று மற்ற இருவரும் எழுதவில்லை, அல்லது எழுதியது இந்தப் பெட்டியில் இல்லை. லொம்பார்டின் மரணத்துக்கு நாள், மணி, மலையின் பெயர் எல்லாம் கிடைக்கிறது. இவருக்கு ஒன்றுமே இல்லை. அவருடைய கடைசிக் கார்டை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்: கப்பல் கட்டும் தளத்தில் இரவு வேலை, தூக்கம் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமை நீண்ட கடிதம் எழுதுகிறேன் என்று முடிகிறது.

பெட்டியின் கடைசிக் கார்டு மூன்றாமவருடையது. 1963 நவம்பர், 4 சென்ட் தலை. ஜிப் கோடு எழுதிய கார்டு இது ஒன்றுதான். படத்தில் சைனீஸ் தியேட்டர் முற்றம், 1953 ஜூனில் மர்லின் மன்றோ சிமெண்டில் பதித்த கைத்தடம். அவர் இறந்து 15 மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. முழங்கால் வலி, எலுமிச்சை மரம் காய்த்திருப்பது, கிறிஸ்துமஸுக்கு இந்த முறையாவது வந்துவிடு என்று ஒரு வரி. அதை அவருடைய ஆல்பத்தில் கடைசியாக வைத்திருக்கிறேன். பின்னால் நான்கு உறைகளைக் காலியாக விட்டிருக்கிறேன், அதே சந்தையில் மிச்சம் எங்காவது வந்து சேர்ந்தால் வைப்பதற்கு.